குவியலிலிருந்து அலமாரிக்கு: சின்னப் படிப்பகத்துக்கு அறிவுத்துறைகளைப் பகுக்கும் முழு வழிகாட்டி

நூலக அறிவியல் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. கோயில் மண்டபத்து ஓர அறையிலோ சங்கக் கட்டடத்து மாடியிலோ நானூறு ஐநூறு புத்தகம், கூடவே பழைய கணக்கு நோட்டு, கேசட், போனில் பதிவு செய்த பேச்சு என்று ஒரு குவியலை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காக எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்த வேலையைச் செய்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது: எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். வந்து உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து "வரலாறு, அறிவியல், இலக்கியம்" என்று தலைப்பு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அது நான்காவதாகச் செய்ய வேண்டிய வேலை.

1. கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட பெரிய பதிவேடு ஒன்று, சின்ன நோட்டு ஒன்று, பென்சில், அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிய சீட்டுகள் ஒரு கட்டு. லேபிளும் கோந்தும் இப்போது வேண்டாம். கண்ணில் பட்டால் ஒட்டத் தோன்றும், ஒட்டிவிட்டால் மாற்ற மனம் வராது. பேனாவும் பதிவேட்டுக்கு மட்டும்தான்.

தரையில் இடம் வேண்டும். அலமாரியில் இருந்தபடியே வகை பிரிக்க முடியாது, ஏனென்றால் எந்தத் தட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே வகையைத் தீர்மானிக்க ஆரம்பித்துவிடும். ஆள் இரண்டு பேர் போதும். நான்கு பேர் இருந்தால் நான்கு விதமாகப் பிரிப்பார்கள்.

ஏற்காட்டில் செய்கிறவர்கள் பனியும் மழையும் இல்லாத மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் தரையில் பரப்பிய தாள் உப்பிப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். சேலத்தில் அந்தக் கவலை இல்லை, கரையான்தான், சுவரோரமாக அடுக்காதீர்கள்.

2. பெயர் வைக்கும் முன் எண் போடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் 1, 2, 3 என்று ஓடும் ஒரு சேர்க்கை எண். புத்தகம், நோட்டு, கேசட் எல்லாம் ஒரே வரிசையில் வரும். பதிவேட்டில் எண், தேதி, தலைப்பு, எழுதியவர் அல்லது பேசியவர், கொடுத்தவர் என்று ஐந்து பத்தி இருந்தால் போதும். தொலைந்துபோன புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது.

வகை மாறும், இது மாறக்கூடாது என்பதுதான் இந்த எண்ணின் பயன். ஆதார் எண் மாதிரி: ஆள் வேலை மாறினாலும் வீடு மாறினாலும் எண் அதேதான். பலர் இந்தப் படியைத் தாண்டி நேராகக் கவிதைக்கு க-1, க-2 என்று போட்டுவிடுகிறார்கள். பிறகு க-14 கவிதையே இல்லை, கவிதை பற்றிய ஆய்வு என்று தெரிய வரும்போது அதை எடுத்தால் 14 ஓட்டையாக நிற்கும், புது இடத்தில் வரிசை இடிக்கும், பதிவேட்டில் அடித்தல் திருத்தலாகக் கிடக்கும். ஒரு பொருள் எது என்பதும் அது எங்கே சேரும் என்பதும் தனித்தனிக் கேள்வி. முதலாவதை இங்கேயே முடித்துவிடுங்கள்.

3. யார், என்ன கேட்டு வருவார்கள்?

புத்தகத்தைத் தொடாமல் செய்ய வேண்டிய வேலை இது, அதனாலேயே எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். சீட்டுகளை எடுத்து, உங்கள் தெருவில் உண்மையாகவே யாராவது கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு சீட்டுக்கு ஒன்றாக, அவர்கள் பேசும் வார்த்தையிலேயே எழுதுங்கள். இருபது முப்பது தேறும்.

"குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்திருக்கு, என்ன பண்றது?" "வெள்ளிப் பட்டறைக் கூலி முன்னாடி எப்படி இருந்தது?" "குகை வண்டி வேடிக்கை பத்தி ஏதாவது இருக்குதா?" (குகை சேலத்தில் ஒரு பகுதி, வண்டி வேடிக்கை அங்கே நடக்கும் ஆடித் திருவிழா நிகழ்ச்சி.) "மாடர்ன் தியேட்டர்ஸ்ல எடுத்த படங்க லிஸ்ட்டு வேணும்." "குரூப் 4-க்கு என்ன இருக்கு?" "பாப்பாவுக்கு ஒரு கதைப் புத்தகம்."

கேள்வியை "வேளாண்மை", "உழைப்புப் பொருளாதாரம்" என்று திருத்தி எழுதிவிடாதீர்கள். தேடி வருகிறவர் அந்தச் சொல்லோடு வரமாட்டார். இந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் பரீட்சை இவற்றை வைத்துத்தான்.

4. சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் தலைப்பு. சொந்தமாகப் பட்டியல் போட வேண்டாம் என்பது என் கட்சி. சொந்தப் பட்டியல் அதைப் போட்டவர் ஊரில் இருக்கும்வரைதான் ஓடும். அவர் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டால் "பொது-2"க்கும் "பொது-3"க்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஆளிருக்காது.

டியூவி தசமப் பகுப்பை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுக்கும் நூலக முறையை, எலும்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அறிவு முழுவதையும் 10 பெரும் வகை, அதை 100 பிரிவு, அதை 1000 உட்பிரிவு என்று பிரிக்கிறது. 000 பொதுவும் கணினியும், 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம் (மருத்துவம், விவசாயம், சமையல் எல்லாம் இதற்குள்), 700 கலையும் விளையாட்டும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். முழு அட்டவணைக்குக் காசு. மூன்று இலக்கச் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நமக்கு அது போதும்.

ஆனால் அப்படியே எடுத்தால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது இலக்கியம். ஆங்கிலத்துக்கு 820 என்று ஒரு பிரிவே இருக்க, தமிழ் இலக்கியம் 894.811-இல், "பிற மொழிகள்" வரிசையின் கோடியில் கிடக்கிறது. நம் படிப்பகத்தில் பாதிக்கு மேல் தமிழ்க் கதையும் கவிதையும்தான். அத்தனை புத்தக முதுகிலும் 894.8113 என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. உள்ளூர் இலக்கியத்துக்கு முன்னிடம் கொடுக்க அந்த முறையிலேயே வழி உண்டு. நான் செய்வது இதுதான்: 894.811 என்பதற்குப் பதிலாக "த". த1 கவிதை, த2 நாடகம், த3 கதை, நாவல், த4 கட்டுரை. கடைசி இலக்கம் டியூவியில் உள்ளதேதான் என்பதால், நாளைக்குப் பெரிய நூலகத்தோடு சேர்க்க வேண்டி வந்தால் "த"வை எடுத்துவிட்டு முழு எண்ணைப் போட்டுவிடலாம்.

இரண்டாவது சமயம். 220-இலிருந்து 280 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் போய்விட, இந்து சமயம் முழுவதும் 294.5 என்ற ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே எண்ணை மாற்றாமல், 294.5-க்குப் பின்னால் இன்னொரு இலக்கம் சேர்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தேவாரமும் கோயில் தல வரலாறும் விரத முறையும் ஒரே எண்ணில் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

மூன்று விதிவிலக்குகளைத் தயங்காமல் வையுங்கள். குழந்தைகள் புத்தகம் எண்ணே இல்லாமல் கீழ்த்தட்டில், வயதுவாரியாக. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக. பாடத்திட்டம் மாறினால் அவற்றை மொத்தமாகக் கழிக்க வேண்டிவரும், வகைக்குள் கலந்திருந்தால் தேடித்தேடிப் பொறுக்கணும். அகராதி, கலைக்களஞ்சியம் மேசைமேல்.

5. துறை முதலில், பொருள் பிறகு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டியூவியில் "காபி" என்று ஓர் இடம் கிடையாது. காபியை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் காபி பற்றிய நூல்கள் என்று ஒரு தட்டை ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தட்டில் இருந்ததைப் பாருங்கள். செடி நடுவது, நிழல் மரம், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி பற்றிய கையேடு: இது பயிர் வளர்ப்பு, 633.73. பழத்தைத் தோல் நீக்கிக் காயவைத்து வறுத்துப் பொடியாக்கும் முறை: தொழிற்சாலைப் பதப்படுத்தல், 663.93. டிகாக்‌ஷன் போடுவது, பானம் தயாரிப்பது: 641.877. தோட்டத் தொழிலாளர் கூலி பற்றிய ஓர் அறிக்கை: 331. அதோடு, காபித் தோட்டத்தில் நடக்கும் ஒரு நாவல். அதற்கும் விவசாயத்துக்கும் சம்பந்தமே இல்லை, த3.

ஒரு தட்டு, ஐந்து இடம். "எல்லாம் காபிதானே, சேர்த்தே வைத்தால் என்ன?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சேர்த்து வைத்தால் தோட்டக்காரருக்குச் சௌகரியம். ஆனால் கூலிப் பிரச்சினையைப் படிக்க வருகிற மாணவிக்குக் காபிக்கூலி ஓரிடம், தறிக்கூலி ஓரிடம், வெள்ளிப் பட்டறைக்கூலி ஓரிடம் என்று மூன்று மூலைக்கும் அலைய வேண்டியிருக்கும், அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே அவளுக்கு ஏதாவது தெரியவரும். ஒரு விதத்தில் சேர்த்தால் இன்னொரு விதத்தில் சிதறும், தப்பிக்க வழியில்லை. அதனால் அலமாரியில் துறைவாரியாக வைத்துவிட்டு, சிதறியதை 9-ஆம் படியில் வரும் சுட்டியில் (எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்) சேர்க்கிறோம்.

எந்தத் துறை என்று தெரியவில்லையா? இந்த ஒரு கேள்வி எனக்கு ஏறக்குறைய எப்போதும் வேலை செய்கிறது: இதைப் படித்து முடித்தவருக்கு என்ன கூடுதலாகத் தெரிந்திருக்கும்? கொலுசு செய்யத் தெரிந்திருந்தால் 739.27. கொலுசு செய்பவர்களின் சம்பளமும் வேலை நேரமும் தெரிந்திருந்தால் 331.2. மரவள்ளி நடத் தெரிந்திருந்தால் 633.682, கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசியாக்கத் தெரிந்திருந்தால் 664.2.

தலைப்பை நம்பாதீர்கள். "மண்" என்ற பெயரில் மண்ணியலும் வரும், கவிதைத் தொகுப்பும் வரும். பொருளடக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, பின்னட்டை மூன்றையும் பாருங்கள். முன்னுரையின் முதல் பக்கம் பெரும்பாலும் நன்றியும் பாராட்டுமாகவே போகும், நேரம் வீண்.

இரண்டு துறை சரிபாதி இருந்தால்? அதிகப் பக்கம் எதற்கு என்று பாருங்கள். அதுவும் சமமாக இருந்தால் உங்கள் கேள்விச் சீட்டுகளில் எதற்கு அதிகத் தேவை என்று பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் சின்ன எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போங்கள். ஒரு புத்தகத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுபவர்கள் குவியலை முடித்து நான் பார்த்ததில்லை.

6. அனுபவங்களைப் பகுப்பது

புத்தகத்தை எழுதியவர் ஏற்கெனவே ஒரு துறைக்குள் நின்றுதான் எழுதியிருப்பார். மனிதர் பேச்சு அப்படி வராது. சேலம் கொண்டலாம்பட்டியில் ஒரு பட்டுத்தறிக்காரர் ஒரு மணி நேரம் பேசிய பதிவு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாவோடுவதில் ஆரம்பித்து, நூல் விலை ஏறியதுக்குப் போய், அதற்கு வாங்கிய கடன், கடனால் நின்ற கல்யாணம், அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் போகாதது, விசைத்தறி வந்தது, மகன் படிப்பு என்று முடிப்பார். இதை 677 நெசவுத் தொழில் என்று ஓர் எண்ணில் அடைத்தால் முக்கால் பங்கு காணாமல் போகும்.

அதனால் பதிவுகளுக்கும் நோட்டுகளுக்கும் ஒற்றை எண் கொடுக்காமல் கட்டங்கள் கொடுங்கள். சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்ற நூலக முறை இந்த வேலைக்கு உதவும். எந்த விஷயத்தையும் முதன்மையானது எது, மூலப்பொருள் என்ன, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து கோணத்தில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். அவருடைய குறியீடுகளை அப்படியே பயன்படுத்துவது சின்னப் படிப்பகத்துக்குப் பாரம். ஐந்து கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மாற்றம். அவர் இடத்தையும் காலத்தையும் கடைசியில் வைத்தார். நூல்களுக்கு அது சரி. அனுபவத்துக்கு நான் அவற்றை முதலில் போடுகிறேன். ஒருவர் பட்ட பாட்டைச் சொன்னால் நாம் கேட்கும் முதல் கேள்வியே "எந்த ஊர்ல, எப்போ?" என்பதுதான். தொல்காப்பியத்திலும் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள், மற்றதெல்லாம் அதன் பிறகு. சீட்டு இப்படி இருக்கும்:

இடம்: கொண்டலாம்பட்டி
நடந்த காலம்: 1980கள்
பதிவான காலம்: 2019
யார், எது: பட்டு நெசவாளர் குடும்பம்
பொருள்: பட்டுநூல், சரிகை
செயல்: பாவோடுதல், கடன், விசைத்தறிக்கு மாறுதல்
எந்த நிமிடத்தில் எது: 0–18 தறி, 18–35 கடன், 35–41 திருவிழா

கடைசி வரியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஒரு மணி நேரப் பதிவை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கப்படாத பதிவு இருந்தென்ன இல்லாதிருந்தென்ன.

இடக் கட்டத்தில் மாவட்டம் எழுதாதீர்கள், ஊர் எழுதுங்கள். சேலம் மாவட்டம் என்பது காலத்துக்குக் காலம் வேறு வேறு நிலம். 1965-இல் தருமபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல் பிரிந்தது. 1950-இல் எழுதிய ஒரு நோட்டில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் அது ஓசூராகவும் இருக்கலாம், திருச்செங்கோடாகவும் இருக்கலாம். மலைமேல் இன்னும் கவனம் தேவை. "ஏற்காடு" என்று டவுனையும் சொல்வார்கள், சேர்வராயன் மலை முழுவதையும் சொல்வார்கள். குக்கிராமத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

காலத்துக்கு இரண்டு கட்டம் எதற்கு என்றால், நடந்தபோதே எழுதிய கடன் நோட்டும் நாற்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்ன கடன் கதையும் ஒரே மதிப்புள்ள சான்று அல்ல. இரண்டும் வேண்டும், கலந்துவிடக்கூடாது.

பேச்சைக் கேட்டு சீட்டு நிரப்பும்போது எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கத் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியல் கைகொடுக்கும்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். மலைக்கிராமத்தில் பேசிய ஒரு பாட்டியின் பதிவை வைத்து ஓட்டிப் பாருங்கள். சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறதா? சாமை, கேழ்வரகு பற்றி ஏதாவது? காபிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் வருவதற்கு முன்னால் அந்தச் சரிவில் என்ன மரம் நின்றது என்று சொல்கிறாரா? தொழிலை மட்டும் எழுதிவிட்டுப் பாட்டையும் மரத்தையும் கோட்டைவிடுவதுதான் வழக்கமான பிழை. இது சரிபார்க்கும் பட்டியல் மட்டுமே. திணை கவிதைக்கான இலக்கணம். அதையே அலமாரித் தலைப்பாக்கி "குறிஞ்சி ராக்", "மருதம் ராக்" என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. அழகாக இருக்கும், ஜிஎஸ்டி பற்றிய கையேட்டை எங்கே வைப்பது என்று கேட்டால் பதில் இருக்காது.

உரிப்பொருள், அதாவது பாட்டின் மைய உணர்வு, என்று ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். வேலைக்காக மலையிறங்கிப் போனவரை எதிர்பார்த்துக் காத்திருந்ததைச் சொல்லும் பதிவில் முக்கியமானது காத்திருத்தல்தான். டியூவியின் 1000 தலைப்பில் அதற்கென்று ஓர் இடம் எனக்கு அகப்படவில்லை. சீட்டில் "காத்திருப்பு" என்று எழுதிவிட்டால் பிற்பாடு தேடுபவருக்குக் கிடைக்கும்.

பேசியவரின் அனுமதியையும் இந்தச் சீட்டிலேயே குறியுங்கள். கடன், சாதி, குடும்பச் சண்டை வருகிற பகுதிகளுக்கு "கேட்டுவிட்டுத் திற" என்று சிவப்பில் எழுதிவிடுங்கள். ஊர் சின்னது, குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

7. எண்ணும் எழுத்தும் போடுவது

மூன்று இலக்கத்தில் ஆரம்பியுங்கள். ஓர் எண்ணில் ஒரு தட்டு நிரம்பினால்தான் புள்ளிக்குப் பிந்தைய இலக்கம். இரண்டே இரண்டு விவசாயப் புத்தகம் வைத்திருக்கிறவர் 633.682 என்று எழுதுவது வெட்டி வேலை, 633 போதும். ஏற்காட்டில் காபிக்கு இலக்கம் நீளலாம், சேலத்தில் நெசவுக்கு நீளலாம், எங்கே சரக்கு அதிகமோ அங்கே.

எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து. இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரைப் பிடியுங்கள். புனைபெயரில் எழுதியிருந்தால் அட்டையில் என்ன பெயரோ அதுவே. உண்மைப் பெயர் தெரிந்தாலும் வேண்டாம், வாசகர் அட்டைப் பெயரைத்தான் கேட்பார்.

கணினியில் பட்டியல் போடுகிறவர்கள் அகரவரிசையைச் சரிபார்க்கணும். யூனிகோடில் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் நம் அகராதி முறையும் ஒன்றல்ல. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ச-வை அடுத்து ஜ. நம் வரிசையில் ற, ன இரண்டும் வ, ழ, ள தாண்டிக் கடைசியில், ஜ அதற்கும் பிறகு. அகராதியில் "அக்கா" முன்னால், "அகம்" பின்னால் வரும். எழுத்துக்குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் தலைகீழாக வரும். அலமாரி ஒரு வரிசையிலும் பட்டியல் இன்னொரு வரிசையிலும் இருந்தால் இருக்கிற புத்தகத்தையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஏதோ ஒன்றை முடிவுசெய்து, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

8. "இதர", "நம்ம ஊர்"

"இதர" என்று ஒரு தட்டு வேண்டவே வேண்டாம். அது இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய எல்லாமே அங்கே போய்விழும், அதுவே பெரிய தட்டாகிவிடும். எங்கே சேர்ப்பது என்று தெரியாதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் பெட்டி காலியாகணும்.

"நம்ம ஊர்" தட்டு கொஞ்சம் சிக்கலானது. வேண்டும்தான், ஆனால் அளவோடு. சேலம் பேசுபொருளாக இருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். எழுதியவர் சேலத்துக்காரர் என்பது போதாது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தது பற்றிய நூல் தொல்லியல், 930.1. அவருடைய ஏற்காட்டு வாழ்க்கை பற்றி ஏதாவது கிடைத்தால் அது ஊர்த் தட்டுக்கு. மாடர்ன் தியேட்டர்ஸ் இதைவிடக் கடினம். ஸ்டுடியோ நடந்த விதம், ஏற்காடு ரோட்டில் அது இருந்த இடம், அங்கே வேலை செய்தவர்கள் என்றால் ஊர்த் தட்டு. அங்கே எடுத்த ஒரு படத்தின் திரைக்கதை என்றால் சினிமா, 791.43. இரண்டும் கலந்திருந்தால் நான் ஊர்த் தட்டில் வைப்பேன். சினிமா நூல் எந்த ஊரிலும் கிடைக்கும், இது இங்கே மட்டும்தான் கிடைக்கும்.

கொடையாளர் பெயரில் தனி அலமாரி கேட்பார்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுதித் தருகிறோம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். "பெண் எழுத்தாளர்கள்" என்று தனித் தட்டும் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் வைப்பார்கள், ஆனால் பெண் எழுதிய வேதியியல் நூல் வேதியியலிலிருந்து காணாமல் போய்விடும்.

9. பரீட்சை, சுட்டி, முடிவு நோட்டு

எல்லாம் அடுக்கியாச்சா? லேபிள் இன்னும் ஒட்டாதீர்கள். அடுக்கும் வேலையில் கலந்துகொள்ளாத ஒருவரை, பத்தாவது படிக்கிற பிள்ளையாக இருந்தால் ரொம்ப நல்லது, கூப்பிட்டு 3-ஆம் படியில் எழுதிய கேள்விச் சீட்டுகளைக் கையில் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர் முதலில் எந்தத் தட்டுக்குப் போகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வேடிக்கைக்கு அவர் நேராகச் சமயத்துக்குப் போவார். நீங்கள் 394, திருவிழாப் பழக்கவழக்கங்களில் வைத்திருப்பீர்கள். அவர் தேடியது தப்பில்லை, அதற்காகப் புத்தகத்தை இடம் மாற்றவும் வேண்டாம். அவர் போன தட்டில் "வண்டி வேடிக்கை, 394-இல் பார்க்கவும்" என்று ஓர் அட்டையைச் சொருகிவிடுங்கள். ஒருவர் தவறினால் அட்டை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தட்டுக்குப் போனால்தான் புத்தகத்தையே மாற்ற வேண்டும்.

சுட்டியும் இந்தக் கேள்விகளிலிருந்தே பிறக்கும். வாசகர் சொல்லை அகரவரிசையில் எழுதி, எதிரே எண்கள்: "காபி: வளர்ப்பு 633.73, பதப்படுத்தல் 663.93, பானம் 641.877, கூலி 331". குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்று இரண்டு பெயரிலும் எழுதுங்கள். 5-ஆம் படியில் சிதறியதெல்லாம் இங்கேதான் ஒன்று சேர்கிறது. அனுபவச் சீட்டுகளின் எண்ணையும் இதே சுட்டியில் எழுதிவிட்டால், கூலியும் கடனும் பற்றிக் கேட்டு வருகிற மாணவிக்கு அறிக்கையும் கிடைக்கும், கொண்டலாம்பட்டிக்காரர் பேச்சின் 18-ஆவது நிமிடமும் கிடைக்கும்.

ஆரம்பத்தில் எடுத்துவைக்கச் சொன்ன சின்ன நோட்டு முடிவு நோட்டு. தயங்கி எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி, காரணத்தோடு. "கோயில் திருவிழா: 394. வழிபாட்டு முறையே முக்கியமாக இருந்தால் மட்டும் 294.5." "வாழ்க்கை வரலாறு: 920 வேண்டாம், அவர் துறையிலேயே, கேட்பவர்கள் துறையை வைத்தே கேட்கிறார்கள்." காரணம் எழுதாத முடிவை அடுத்து வருகிறவர் ஒரு வாரத்தில் மாற்றிவிடுவார்.

இதெல்லாம் முடிந்த பிறகு லேபிள். முதுகின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் புத்தகத்தை இழுக்கும் விரல் பட்டுக் கிழியும். சேர்க்கை எண்ணை முதுகில் போடாமல் உள்ளட்டையில் எழுதுங்கள், இரண்டு எண் முதுகில் இருந்தால் திருப்பி வைக்கிறவர்கள் தவறான எண்ணைப் பார்த்து வைப்பார்கள். புதிதாக ஒரு புத்தகம் வந்தால் முதலில் பதிவேடு, அடுத்து முடிவு நோட்டு, அதில் வழி இல்லாவிட்டால் மட்டும் டியூவி பட்டியல்.